அந்த வெள்ளிக்கிழமை பேசியவர்கள்

சுனாமி வந்ததற்கு அடுத்த வருடம் அது. குத்தாலம் கடைத்தெருவில் ஓர் உரக்கடையின் மாடியில் இருந்த இன்டர்நெட் சென்டரில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு, தபால் வழியில் எம்.சி.ஏ. படித்துக்கொண்டிருந்த காலம். ஆறு கம்ப்யூட்டர்கள், ஆறு பலகைத் தடுப்புகள், கரண்ட் போனால் கத்தும் ஒரு யு.பி.எஸ்., இவற்றோடு நான். கீழேயிருந்து உர வாடை மாடிப்படி ஏறி வரும்.

அதற்கு முன்பு வெளிநாட்டில் இருப்பவர்களோடு பேச வேண்டுமென்றால் ஐ.எஸ்.டி. பூத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே எல்லோருடைய கண்ணும் கட்டணம் காட்டி ஓடுகிற சிவப்பு எண்களின் மேலேயே இருக்கும். பாதிப் பேர் சொல்ல வந்ததை மறந்துவிட்டு வெளியே வருவார்கள். எங்கள் சென்டரில் அந்தப் பயம் இல்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம்கூடப் பேசலாம், அல்லது அரட்டைப் பெட்டியில் எழுதிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை வளைகுடா நாடுகளில் விடுமுறை. அங்கே மதியத் தொழுகை முடிந்து ஆட்கள் நெட் கடைக்கு வரும்போது நமக்கு மூன்று, மூன்றரை மணி ஆகியிருக்கும். அதற்குள் எங்கள் மாடிப்படி முழுக்கச் செருப்புகள் நிறைந்துவிடும். “வெள்ளிக்கிழமையானா குத்தாலத்துல பாதிக் குடும்பம் நம்ம மாடியிலதான் நடக்குது” என்பார் சென்டரை நடத்திய பாய்.

ஐ.டி. உருவாக்குவது, பாஸ்வேர்டு போட்டுக் கொடுப்பது, மைக் சரிபார்ப்பது ஆகியவைதான் என் வேலை. ஆனால் வருகிற பெண்களில் பலருக்கு டைப் அடிக்கத் தெரியாது. அவர்கள் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். அங்கிருந்து வருவதைப் படித்துக் காட்டுவேன். எதையும் பட்டியல் போட்டு வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. ஒரு நோட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தேன்: ஐ.டி., பாஸ்வேர்டு, எந்த ஊர், நேர வித்தியாசம் எவ்வளவு, அங்கிருப்பவர் வந்ததும் வழக்கமாக என்ன கேட்பார்.

மூன்றாம் நம்பர் தடுப்பு ஓர் அக்காவுக்கு. பக்கத்துக் கிராமத்திலிருந்து நாலு வயது மகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வருவார். நடவு, களையெடுப்பு என்று கூலி வேலைக்குப் போகிறவர். கணவர் துபாயில் கட்டடங்களுக்குக் கம்பி கட்டும் வேலையில் இருந்தார். முதல் மாதம் ஹெட்போனில்தான் பேசினார்கள். ஆனால் அப்போதைய இணைப்பில், நாம் பேசியது ஒன்றிரண்டு நொடி கழித்து நம் காதிலேயே திரும்ப விழும். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை.

“உள்ள இன்னொருத்தி உக்காந்துக்கிட்டு என்னை மாதிரியே பேசுறா பாப்பா. எனக்கு ஒடம்பெல்லாம் கூசுது. நீ எழுதியே போடு” என்று ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டார். மகளைப் போல என்னையும் அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

அன்றிலிருந்து நான்தான் எழுதினேன். அவருடைய பக்கத்தில் என் நோட்டில் இப்படி இருந்தது: ஒன்று, கணவர் பாப்பா சாப்பிட்டதா என்பார். இரண்டு, வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா என்பார். மூன்று, வீட்டு வேலை எதுவரை வந்திருக்கிறது என்பார். வீடு கூரை இல்லாமல், கதவு உயரத்து லிண்டல் மட்டத்தோடு நின்றிருந்தது. அக்கா சொல்லும் பதிலும் மாறாது. “நான் நல்லா இருக்கேன், பாப்பா நல்லா இருக்கு, நீங்க ஒடம்பப் பாத்துக்குங்க, கவலைப்படாதீங்க.” ஐந்தாறு மாதத்தில், அக்கா வாயைத் திறக்கும் முன்பே அடுத்த வரி எனக்குத் தெரிந்துவிடும். சில சமயம் அவர் தலையை மட்டும் அசைப்பார், மீதியை நானே அடித்துவிடுவேன். “நான் நினைக்கிறத அப்படியே போடுறியே” என்று சிரிப்பார். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. பேச்சு முடிந்த பிறகும் அவர் உடனே எழுந்திருக்க மாட்டார். கணவரின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சை விளக்கு அணையும் வரை பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் குழந்தை மானிட்டருக்குப் பின்னால் போய், அப்பா அங்கே இருக்கிறாரா என்று எட்டிப் பார்க்கும்.

ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மூன்றரை ஆகியும் அக்கா வரவில்லை. கூட்டமும் இல்லை. மழை வருவது போல வானம் மூடி, கடைக்குள் சாயங்காலம் மாதிரி இருந்தது. மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரைப் போட்டேன். போன வாரம் அக்காவின் ஐ.டி.யை மூடாமல் விட்டிருக்கிறேன், தானாகவே உள்ளே போய்விட்டது. அடுத்த நொடியே பெட்டி திறந்தது.

“இருக்கியா?”

நான் பதில் போடவில்லை. சற்று நேரத்தில் மறுபடி வந்தது. “இருக்கியா? பச்சை எரியுதே.”

இரண்டு வழிகள் இருந்தன. ஐ.டி.யை மூடிவிடலாம். அல்லது, அக்கா இன்னும் வரவில்லை என்று சொல்லலாம். முதலாவதைச் செய்தால் அந்த மனிதர் பயந்துவிடுவார். கடல் பொங்கியபோது இங்கிருந்து பதில் வராமல் அங்கே இருந்தவர்கள் தவித்ததை வாடிக்கையாளர்கள் சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இரண்டாவதைத்தான் செய்ய நினைத்தேன். ஆனால் விரல்கள் வழக்கமான வார்த்தையை அடித்துவிட்டன.

“இருக்கேங்க.”

அடுத்த வரியில் விவரம் சொல்லிவிடலாம் என்றுதான் எண்ணினேன். அதற்குள் அங்கிருந்து அடுத்தடுத்து வரத் தொடங்கிவிட்டது. சாப்பாடு ஆச்சா, மழை உண்டா என்று சின்னச் சின்னக் கேள்விகள். பதில் போட்டேன். அக்கா எப்படியும் வந்துவிடுவார், அதுவரை பேச்சு அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்து நிமிடம் போனது. அக்கா வரவில்லை. இப்போது போய் நான் அக்கா இல்லை என்று சொல்ல எனக்குக் கூச்சமாகிவிட்டது.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். குழந்தையைப் பற்றி அவர் கேட்கவில்லை. வாய்க்கால் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. வீட்டைப் பற்றியும் கேட்கவில்லை. நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். மூன்றில் ஒன்றுகூட இல்லை. எழுதுகிற முறையில் எந்த மாற்றமும் தெரியவில்லை, அதே வேகம், அதே வார்த்தைகள். ஆனாலும் தெரிந்த வீட்டுக்குள் நுழைந்தவுடன், சாமான்கள் எல்லாம் ஒரு சாண் நகர்த்தி வைக்கப்பட்டிருப்பது போல ஏதோ ஒன்று.

அந்த நேரத்தில் அங்கிருந்து வந்த வரி இது: “இன்னிக்கு என்னமோ மாதிரி பேசுறியே. நீ நல்லாத்தான இருக்க?”

“அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல. நீங்கதான் ஒரு மாதிரி பேசுறீங்க” என்று அடித்தேன்.

எதிர்முனையில் இருப்பவர் எழுதிக்கொண்டிருந்தால் கீழே ஒரு பென்சில் படம் அசையும். அது அசைந்தது, நின்றது. மறுபடி அசைந்தது, நின்றது. ஐந்தாறு முறை அப்படி. ஒரு வரியும் வரவில்லை. அந்தப் பக்கம் யாரோ ஒருவர் கையை விசைப்பலகையில் வைத்துக்கொண்டு யோசிப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் “வேலை அலுப்பு” என்று வந்தது. பிறகு, “உன்னைப் பாக்கணும் போல இருக்கு.”

அக்காவும் அவரும் இத்தனை மாதத்தில் இப்படி ஒரு வரி எழுதிக்கொண்டதில்லை. பதில் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடுமே என்று, “எனக்கும் உங்களைப் பாக்கணும் போல இருக்கு” என்று போட்டேன். போட்டுவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். பாய் கீழே டீக்கடையில் இருந்தார். மற்ற ஐந்து தடுப்புகளிலும் ஆள் இல்லை.

அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது.

“கம்பெனியில இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிக்கச் சொல்றாங்க. நாளைக்கு நான் பதில் சொல்லணும். வரவா, இருக்கவா?”

இந்த இடத்திலாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. எனக்குத் தெரிந்ததையெல்லாம் வரிசையாக எண்ணிப் பார்த்தேன். வீடு பாதியில் நிற்கிறது. குழந்தையை அடுத்த வருடம் பள்ளியில் சேர்க்க வேண்டும். அக்கா ஒரு வாரம்கூடக் குறை சொன்னதில்லை. ஒரு கணக்குக்கு விடை எழுதுவது போல எழுதினேன்.

“இங்க ஒரு குறையும் இல்ல. வீட்டு வேலை முடியட்டும். இருந்துட்டே வாங்க.”

பென்சில் அசைந்தது. “நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“யோசிச்சுத்தான் சொல்றேன்.”

“சரி” என்று வந்தது. விளக்கு அணைந்தது. மணி நாலரைகூட ஆகவில்லை.

மறு வாரம் அக்கா வந்தார். குழந்தைக்குக் கடும் காய்ச்சல், மாயவரம் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் வைத்திருந்தார்களாம். ஆள் பாதியாக இளைத்திருந்தார். படியேறும்போதே, “இன்னிக்கு அவுங்கள வந்துடச் சொல்லிப் போடணும் பாப்பா. ஒண்டியா என்னால முடியல” என்றார். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நான் வாயெடுத்தேன். அதற்குள் பெட்டி திறந்துவிட்டது. “ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாச்சு.”

படித்துக் காட்டினேன். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “அவுங்களே முடிவு பண்ணிட்டாங்க” என்றார் மெதுவாக. பிறகு, “சரின்னு போடு.”

போட்டேன். காய்ச்சலைப் பற்றி எழுதவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார். அன்று அவர் போன பிறகு, பேச்சுகள் சேமிக்கப்படும் இடத்திலிருந்து அந்த வெள்ளிக்கிழமையின் கோப்பை எடுத்தேன். அழிக்கக் கை வரவில்லை. வேறொரு ஃபோல்டருக்குள் போட்டு மறைத்து வைத்தேன். அந்தக் கோழைத்தனத்தை இத்தனை வருடம் கழித்தும் சொல்லக் கூசுகிறது.

இரண்டு வருடம் ஓடியது. அக்கா வாராவாரம் வந்தது மாதம் ஒரு முறையாகக் குறைந்தது. வந்தாலும் நாலு வரிக்கு மேல் போகாது.

பிறகு ஒரு நாள் காலையில், கடை திறந்த சற்று நேரத்துக்கெல்லாம், அக்காவும் அவர் கணவரும் மாடியேறி வந்தார்கள். அவரை நேரில் அன்றுதான் பார்த்தேன். ஊருக்கு வந்து பத்து நாள் ஆகியிருந்ததாம். உள்ளே வரும்போதே இருவர் முகமும் சரியில்லை.

“பாப்பா, பழைய பேச்செல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கும்னு சொல்லுவியே, எடு” என்றார் அக்கா. “நான்தான் இருக்கச் சொன்னேனாம். வந்தா இடைஞ்சல்னு சொன்னேனாம். ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாங்க.”

“இடைஞ்சல்னு எங்கடி சொன்னேன்? இருந்துட்டே வாங்கன்னு சொன்னல்ல? நான் வர்றேன்னுதான் நின்னேன்.”

“நான் எப்பச் சொன்னேன்? பெத்த புள்ள மாமான்னு கூப்புடுது. இதுக்கா ஒருத்தி இருந்துட்டு வான்னு சொல்லுவா?”

மூன்றாம் நம்பரில் உட்கார்ந்து வரிசையாகத் திறந்து காட்டினேன். அந்த ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் இல்லை. அக்கா விரலை வைத்துச் சொன்னார்: “பாருங்க. அந்த வாரம் நான் வரவே இல்ல. மாயவரத்துல புள்ளையோட கெடந்தேன்.” அவர் கணவர் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். முகம் கறுத்துப்போனது. மனைவி தன்னைப் பொய்யன் என்கிறாள் என்று அவர் நினைத்ததும், அவர் பொய்தான் சொல்கிறார் என்று அக்கா நினைத்ததும் எனக்கு நன்றாகவே தெரிந்தது. நான் பேசாமல் இருந்தால் அது அப்படியே நின்றுவிடும்.

“இருக்கு அக்கா” என்றேன். மறைத்து வைத்திருந்ததைத் திறந்தேன். “அன்னிக்கு நீங்க வரல. உங்களுக்குப் பதிலா நான் அடிச்சேன். எல்லாம் நான்தான்.”

அக்கா என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். பேச்சு அவர் கணவரிடமிருந்து வந்தது.

“அன்னிக்கு நானும் இல்லையே, தங்கச்சி.”

எனக்குப் புரியவில்லை. அவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார். “எனக்கு எங்க டைப் அடிக்கத் தெரியும்? எப்பவும் என் ரூம்ல இருந்த ஒரு ஆளுதான் அடிப்பாரு. நான் சொல்லச் சொல்ல அடிப்பாரு. அந்த மாசம் என்னைப் பாலைவனத்துல ஒரு சைட்டுக்கு அனுப்பிட்டாங்க. வெயிலு, தண்ணி கெடையாது. இவளுக்குத் தெரிஞ்சா அழுவா. அதனால, நீ போயி நான் பேசுற மாதிரியே பேசிட்டு வா, இந்த ஒண்ணை மட்டும் கேட்டு எனக்குச் சொல்லியனுப்புன்னு அவர்கிட்ட சொல்லியிருந்தேன்.”

காலை வெயில் ஜன்னல் வழியே விசைப்பலகை மேல் விழுந்துகொண்டிருந்தது. கீழே யாரோ உரமூட்டை இறக்கும் சத்தம் கேட்டது. நாங்கள் மூவரும் அந்தத் திரையைப் பார்த்தோம். இடப்பக்கம் அவர் பெயர், அக்கா பெயர், அவர் பெயர், அக்கா பெயர் என்று மாறி மாறி நாற்பது நிமிடப் பேச்சு. சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு மாதிரி பேசுகிறாயே என்று ஒருவரையொருவர் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். பார்க்க வேண்டும் போல இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு குடும்பத்தின் இரண்டு வருடத்தை முடிவு செய்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் அதில் இல்லவே இல்லை.

“அப்ப இதுல பேசுறது யாரு?” என்றார் அக்கா. யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

அந்த ஆள் இப்போது எங்கே என்று கேட்டேன். வேறு கம்பெனி மாறி, பிறகு வேறு நாட்டுக்குப் போய்விட்டாராம். தொடர்பு இல்லை.

அக்கா முதலிலிருந்து படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். பார்க்கணும் போல இருக்கு என்ற வரி வந்ததும் நிறுத்தினார்.

“இது நீ போட்டதா?”

“ஆமாக்கா.”

“என்னைவிட நல்லாத்தான் குடும்பம் நடத்தியிருக்க” என்றார். அதில் சிரிப்பு இல்லை. “எனக்கும் இப்படியெல்லாம் சொல்லணும்னு இருந்துச்சு. வந்துடுங்கன்னு எத்தனை வாரம் நாக்கு வரைக்கும் வந்துச்சு தெரியுமா? உன்னைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு எப்படிச் சொல்லுவேன்?”

அவர் சொன்ன ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம். அவர் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் நான்தான் என்பது மட்டும் அதுவரை தெரியாது.

அவர் கணவர் தொண்டையைச் செருமினார். அடுத்த மாதம் அவருக்குத் திரும்பிப் போக விசா தயாராக இருந்தது. “சரி, அது போகட்டும். இப்ப நேர்லதான இருக்கோம். நீயே சொல்லு. போகவா, இருக்கவா?”

அக்கா பதில் சொல்வதற்கு வாயைத் திறந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீ செத்த வெளிய போ பாப்பா.”

எழுந்து வெளியே வந்து மாடிப்படியில் நின்றேன். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல் தாழ்வாகக் கேட்டது. வார்த்தைகள் கேட்கவில்லை. கேட்டுவிடக் கூடாதென்று இன்னும் இரண்டு படி இறங்கினேன். கால் மணி நேரம் கழித்து இருவரும் வந்தார்கள், என்னைத் தாண்டி இறங்கிப் போனார்கள். மன்னித்துவிட்டேன் என்று அக்கா சொல்லவில்லை. பின்னாளில் கடைத்தெருவில் எதிர்ப்பட்டபோது தலையை அசைத்தார், அவ்வளவுதான். அவர் கணவர் திரும்பிப் போகவில்லை என்றும், மாயவரத்தில் ஒரு மேஸ்திரியிடம் கம்பி கட்டுகிறார் என்றும் பாய்தான் சொன்னார். அவரைத் தங்கவைத்த வார்த்தைகள் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது, தெரிந்துகொள்ள எனக்கு உரிமையும் இல்லை.

இப்போது சென்னையில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறேன். இந்த உலகத்தில் எங்கோ ஒரு மனிதர், தன் அறை நண்பரின் மனைவியிடம் ஒரு வெள்ளிக்கிழமை நாற்பது நிமிடம் பேசியதாக இன்னும் நம்பிக்கொண்டிருப்பார். அவருக்கு நான் யார் என்று தெரியாது, அவர் முகம் எனக்குத் தெரியாது. ஒருவர் மனதை முழுக்கப் புரிந்துகொண்டுவிட்டேன் என்று எனக்குத் தோன்றும்போதெல்லாம், பேசுவதற்கு முன் ஒரு நிமிடம் நிறுத்தி, அந்த மனிதர் உண்மையாகவே எதிரில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்கிறேன்.